சாவிக் கொத்தும் மூன்று பரீட்சைகளும்

“இரும்பு எங்கே? யாரிடமாவது சாவிக் கொத்து இருக்கிறதா? சீக்கிரம், சீக்கிரம்!”

படாளத்திலே அன்றிரவு இப்படி ஒரு கூக்குரல் கிளம்பிற்று. வேடந்தாங்கலுக்குத் திரும்புகிற கூட்ரோட்டின் அருகே நமது தோழர்கள் மேடை போட்டிருந்தனர். பேச்சு தொடங்கி அரை மணி ஆகியிருக்கும். கரும்பு விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலே, துண்டைத் தலைக்குக் கட்டிக்கொண்டு தரையிலே அமர்ந்திருந்த ஒருவர், கரும்பு ஏற்றும் தொழிலாளி, திடுமென ஒரு கத்தல் கத்தினார். கழுத்து ஒரு பக்கம் திரும்பிற்று, உடல் விறைத்தது, மறுகணம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயிலே நுரை.

ஐந்தாறு சாவிக் கொத்துகள் பறந்து வந்தன. ஒருவர் சைக்கிள் ஸ்பேனரையே நீட்டினார். இன்னொருவர் பல்லுக்கு நடுவே கட்டையைச் செருகப் பார்த்தார். மூன்று பேர் காலைப் பிடித்து அமுக்கினர். இரண்டு நிமிடம், மிஞ்சினால் இரண்டரை நிமிடம். இழுப்பு நின்றது. “பார்த்தீர்களா, இரும்பு கையிலே பட்டதும் நின்று போயிற்று!” என்றார் ஒரு பெரியவர், வெற்றி கண்ட தளபதியைப் போல. கூட்டத்தின் ஓரத்திலே நின்ற அம்மையார் ஒருவர், “சாமியைப் பேசுற கூட்டத்துக்குப் போகாதேன்னா கேட்டாத்தானே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். கரும்பு விலை பேசிய எனக்கு இந்தப் பழி!

அம்மையாரை நான் குறை கூறவில்லை, தோழர்களே. முதல் சாவிக் கொத்தை எடுத்து நீட்டியவர் யார் தெரியுமா? இருபது ஆண்டுகளாகக் கறுப்புச் சட்டை அணிகிற நம் தோழர்! பிறகு கேட்டேன். “பழக்கம் அண்ணே, கை தானாகப் போய்விட்டது” என்றார். மேடையிலே பகுத்தறிவு, மடியிலே சாவிக் கொத்து. நம் வீட்டு நிலைமையும் இதுதான்.

மனிதனுடைய மூளை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உடலின் எடையிலே நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் நாம் இழுக்கிற மூச்சுக் காற்றின் உயிர்ச்சத்திலே ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே தின்றுவிடுகிறது. அதனுள்ளே ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு அணுக்கள். ஒவ்வொன்றும் பக்கத்து அணுவோடு மின்சாரத்திலும் ரசாயனத்திலும் பேசுகிறது. ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். அரவை இடத்திலே ஒருவர், கொதிகலனிலே ஒருவர், எடைமேடையிலே ஒருவர், அவரவர் வேலை, அவரவர் குரல். திடுமென அத்தனை பேரும் ஒரே நொடியிலே, ஒரே குரலிலே கத்தத் தொடங்கினால் என்னவாகும்? அதுதான் வலிப்பு. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, களைத்துப்போய், இரண்டு மூன்று நிமிடத்திலே தாமாகவே அடங்கிவிடுவர். பெரும்பாலான வலிப்புகள் அப்படித்தான் அடங்குகின்றன. சாவிக் கொத்தைத் தேடி எடுத்துக் கையிலே திணிக்கவும் அதே இரண்டு நிமிடந்தான் ஆகிறது. வேலையை முடித்தது மூளை, பெயரைத் தட்டிக்கொண்டது இரும்பு!

செய்ய வேண்டியது வேறு. ஒருக்களித்துப் படுக்க வைப்பது. கழுத்து, இடுப்பு உடையைத் தளர்த்துவது. பக்கத்திலே கல், ஆணி, அடுப்பு இருந்தால் அகற்றுவது. வாயிலே எதையும் திணிக்காதிருப்பது. பல் உடையும், மூச்சு அடைக்கும். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்கவில்லையானால், அல்லது நின்று மறுபடி வந்தால், 108. இவ்வளவுதான். இதற்கு மந்திரமும் வேண்டாம், மாந்திரீகனும் வேண்டாம்.

கூட்டம் முடிந்தபின் அவரைத் தேநீர்க் கடையிலே உட்கார வைத்துப் பேசினேன். பெயரை எழுதப்போவதில்லை. வயது நாற்பத்திரண்டு. இருபத்தைந்திலே தொடங்கியதாம். முதலிலே முடிகயிறு; பிறகு ஒரு தர்காவிலே தண்ணீர்; பிறகு ஒரு கோயிலிலே நாற்பத்தெட்டு நாள். கடைசியிலே ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலே மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் சாப்பிட்டார், வலிப்பு வரவேயில்லை. வரவில்லையே என்று நிறுத்தினார். ஏன் நிறுத்தினீர் என்றேன். “நரம்பு டாக்டர் வாரத்திலே ஒரு நாள்தான் அண்ணே. அந்த நாளிலே போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு போச்சு. போனால் வரிசையிலே இருநூறு பேர். நான் நல்லாத்தானே இருக்கேன்னு விட்டுட்டேன்” என்றார். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் எதற்கு? நாட்டிலே எந்த மாவட்டத்துக்குப் போனாலும் இந்த வாசகத்தைக் கேட்கலாம்.

கரும்பு லாரியின் மேலே நிற்கும்போது வந்தால் என்ன கதி என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மேஸ்திரிக்குத் தெரியாதாம். தெரிந்தால் நாளை முதல் வேலை இல்லை. பெண்ணின் கலியாணத்துக்கும் கேடு என்று மனைவி அஞ்சுகிறாராம். அந்த அச்சம் பொருளற்றது என்று தள்ளிவிட முடியுமா? இந்து திருமணச் சட்டத்திலே, அடிக்கடி வலிப்பு வருவோர் மணம் செய்துகொள்ளத் தகுதியற்றோர் என்ற வாசகம் 1999 வரை இருந்ததே! பைத்தியமும் வலிப்பும் ஒரே வரியிலே, அருகருகே! டில்லி நாடாளுமன்றம் அந்தச் சொல்லை நீக்குவதற்கு 1999 ஆயிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது, சம்பந்தி வீட்டு நாக்கிலிருந்து போகவில்லை.

வலிப்பு நோயாளர் பத்துப் பேரிலே ஏழு பேருக்கு, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால், நோய் கட்டுப்பட்டுவிடும். அந்த மாத்திரைகளிலே ஒன்றான பினோபார்பிடோன் 1912 முதல் வழக்கிலே இருக்கிறது. நூறாண்டு கடந்த மருந்து. அரசு ஆஸ்பத்திரிகளிலே இலவசம். ஆகவே மருந்துப் பஞ்சம் அல்ல நம் பஞ்சம். எந்த வலிப்பு எதனால் வந்தது என்று கண்டறிந்து, எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று சொல்லி, பாதியிலே நிறுத்தாதே என்று அதட்டும் ஆள். அந்த ஆளுக்குத்தான் பஞ்சம். 140 கோடி மக்கள் வாழும் நாட்டிலே நரம்பியல் மருத்துவர் சில ஆயிரம் பேரே. அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களிலே.

வேடந்தாங்கல் நம் பக்கத்து ஊர். கடல் கடந்து, மலை கடந்து, ஆண்டுதோறும் தவறாமல் அங்கே பறவைகள் வருகின்றன. சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டர் தாண்டி ஒரு நரம்பு டாக்டர் வருவதுதான் அரிதாயிருக்கிறது! பறவைக்கு ஏரியும் மரமும் இருந்தால் போதும். டாக்டருக்கு ஸ்கேன் கருவி வேண்டும், மூளையின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் கருவி வேண்டும், துணை மருத்துவர் வேண்டும், பிள்ளைக்குப் பள்ளி வேண்டும். இவற்றைச் செய்துகொடுக்காமல் டாக்டரை மட்டும் வைவது நியாயமாகாது. எல்லாம் செய்துகொடுத்த பிறகும் தனியார் ஆஸ்பத்திரியின் சம்பளத்துக்கே ஓடுகிறவரை வைதால் அது வேறு. அப்போது நானும் சேர்ந்து வைவேன்.

இந்தத் துறை நமக்குப் புதிதும் அல்ல, வடக்கேயிருந்து வந்த பிச்சையும் அல்ல. இந்தியாவிலேயே இதற்குக் கால்கோள் இட்டது இந்தத் தமிழ் மண். 1949. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. கோட்டயத்திலே பிறந்த ஜேக்கப் சாண்டி, கனடா நாட்டின் மான்ட்ரீல் நகரிலே வைல்டர் பென்பீல்டு என்ற மேதையிடம் பயின்று திரும்பி, நாட்டின் முதல் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவை அங்கே தொடங்கினார். பென்பீல்டு யார்? நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து, மூளையை மெல்லிய மின்சாரத்தாலே தொட்டுத் தொட்டு, இது கைக்கு, இது நாக்குக்கு, இது நினைவுக்கு என்று வரைபடம் போட்டவர். வலிப்பு கிளம்பும் இடத்தைத் தேடித் தேடி வெட்டி எடுத்தவர். அந்தக் கலை வேலூருக்கு வந்தது. 1952-ல் வலிப்புக்கான மூளை அறுவையை சாண்டி அங்கே செய்தார். படாளத்திலே நாம் சாவிக் கொத்து தேடுகிறோம். பாலாற்றங்கரையின் மேற்கே, அதே ஆற்றின் கரையிலே, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கத்தியாலே வலிப்பை அறுத்திருக்கிறார்கள்!

மறு ஆண்டு, 1950. சென்னைப் பொது மருத்துவமனை. சீர்காழியிலே பிறந்த பி. ராமமூர்த்தி, இங்கிலாந்திலே பயின்று வந்து மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1951-ல் சென்னையிலே இந்திய நரம்பியல் சங்கம் உருவாயிற்று. தொடங்கியோர் நால்வரே: சாண்டி, ராமமூர்த்தி, மூளை மின்வரைவு வல்லுநர் எஸ்.டி. நரசிம்மன், பஞ்சாபியரான பல்தேவ் சிங். நான்கு பேர் உட்கார்ந்து ஒரு துறையையே தோற்றுவித்தனர். பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் அதே 1950, அதே சென்னை, இன்னொன்றையும் கண்டது. அந்நாளில் சென்னை மாகாணத்திலே அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு. இடங்கள் மொத்தம் 330. வகுப்புவாரி ஆணைப்படி பதினான்கு இடங்களுக்கு ஒரு கணக்கு: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்டோருக்கு இரண்டு, பார்ப்பனருக்கு இரண்டு, ஆதிதிராவிடருக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் கிறித்துவருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. செண்பகம் துரைராசன் என்ற அம்மையார் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றார், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாமல்! 1950 ஜூலையிலே உயர்நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிற்று. தமிழகம் கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பின் விளைவாக, 1951 ஜூன் 18-ல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பதினைந்தாவது விதியிலே நான்காவது உட்பிரிவு பிறந்தது அப்படித்தான். பொறியியல் கல்லூரி வழக்கு ஒன்றும் சேர்ந்தே இருந்தது. எனினும் நாட்டின் அரசியல் சட்டத்தை முதன்முதலாகத் திருத்த வைத்த சண்டை, டாக்டராவது யார் என்ற சண்டை என்பதை இன்றைய இளைஞர்கள் நெஞ்சிலே நிறுத்த வேண்டும்.

330 இடம் எங்கே, இன்று தமிழ்நாட்டிலே எம்.பி.பி.எஸ். இடங்கள் பதினோராயிரத்துக்கும் மேல் எங்கே! அரசு மருத்துவக் கல்லூரிகள் மட்டும் 36. செங்கற்பட்டிலே 1965-ல் கல்லூரி வந்தது. படாளத்துக்காரர் ரயிலிலே ஏறினால் சற்று நேரத்திலே இறங்கிவிடலாம். ஆனால் எம்.பி.பி.எஸ். என்பது நரம்பு டாக்டருக்கு வாசற்படி மட்டுமே. வீடு உள்ளே, நெடுந்தொலைவிலே இருக்கிறது.

அந்தத் தொழிலாளிக்கு ஒரு மகள். பன்னிரண்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. அன்றிரவு தந்தையைக் கூட்டிப்போக வந்தவள், தேநீர்க் கடையின் பெஞ்சிலே நோட்டை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: “நரம்பு டாக்டராக எத்தனை வருஷம் படிக்கணும் மாமா?” சொன்னேன். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி ஒரு ஆண்டு. பிறகு பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி., மூன்று ஆண்டு. அதன்பின் நரம்பியலிலே டி.எம்., இன்னொரு மூன்று ஆண்டு. அறுவை மருத்துவராக வேண்டுமானால் எம்.எஸ்., பிறகு எம்.சி.ஹெச். கூட்டினாள். பதினெட்டிலே தொடங்கினால், ஓர் ஆண்டும் வீணாகாமலிருந்தால், முப்பது வயது. “முப்பதா!” என்றார் தந்தை. மகள் அதற்கு அஞ்சவில்லை. நடுவிலே பரீட்சை உண்டா என்று கேட்டாள். உண்டம்மா, மூன்று உண்டு. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரு நீட். எம்.டி.க்கு ஒரு நீட். டி.எம்.முக்கு ஒரு நீட். மூன்றும் டில்லி வைப்பது. நோட்டிலே மூன்று கோடு கிழித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் பயிற்சி வகுப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள். எழுதச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தமிழ்நாட்டிலே நுழைவுத் தேர்வை 2006-ல் சட்டம் போட்டு ஒழித்தோம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்றோம். பத்தாண்டு அப்படியே நடந்தது. அப்படிப் படித்தவர்கள் மருந்து கொடுத்து மக்கள் மடிந்துபோனார்களா? 2017-ல் நீட் வந்து குதித்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரிலே மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, 1,200-க்கு 1,176 மதிப்பெண் பெற்றவள், சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று கேட்டாள். 2017 செப்டம்பர் 1-ல் அவளை இழந்தோம். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்க்கு ஏழரை விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. விரல்விட்டு எண்ணத்தக்க பேர் நுழைந்த இடத்திலே நூற்றுக்கணக்கானோர் நுழைந்தனர். நீட்டிலிருந்து விலக்குக் கோரும் மசோதாவைச் சட்டமன்றம் 2021 செப்டம்பரிலே நிறைவேற்றிற்று, ஆளுநர் திருப்பியனுப்பினார், 2022 பிப்ரவரியிலே மீண்டும் நிறைவேற்றிற்று, குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்த செய்தி 2025 ஏப்ரலிலே சட்டமன்றத்திலே அறிவிக்கப்பட்டது.

“தகுதி வேண்டாமா? மூளையைத் தொடுகிறவனுக்குத் தகுதி வேண்டாமா?” என்று கேட்பர். வேண்டும்! யார் மறுத்தது? மூளையைத் தொடுகிறவனுக்குக் கை நடுங்கக்கூடாது. ஆனால் தகுதி, தகுதி என்று ஓதியவர்கள் 2023-ல் என்ன செய்தார்கள்? மேற்படிப்பு இடங்கள் நிரம்பவில்லை என்றதும், எம்.டி. நீட்டுக்கான குறைந்தபட்சத் தகுதி வரம்பைப் பூச்சியம் ஆக்கினார்கள்! பரீட்சை எழுத உட்கார்ந்திருந்தால் போதும், பணம் கட்டித் தனியார் கல்லூரியிலே சேரலாம். ஏழை வீட்டுப் பிள்ளை வாசலுக்கு வந்தால் தகுதி என்ற தடி. காலியான இடத்துக்குக் காசு வந்தால் தடி அட்டாலியிலே! இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. மத்திய சுகாதாரத் துறையின் உத்தரவே இருக்கிறது.

மூன்றாவது கோடு, அதாவது டி.எம்., எம்.சி.ஹெச்., இன்னும் கடினம். அங்கே வகுப்புவாரி ஒதுக்கீடே கிடையாது. சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புகள் உயர் சிறப்புப் படிப்புக்கு அது கூடாது என்றன. தமிழ்நாட்டின் வரிப்பணத்திலே கட்டிய கல்லூரிகளின் இந்த இடங்களுக்கு, அகில இந்தியக் கலந்தாய்வு. படித்து முடித்ததும் பலர் தம் மாநிலத்துக்குப் பறந்துவிடுவர். அதையும் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன், பிறந்த ஊரை நாடுவது இயல்பு. நம் ஊருக்கு ஆள் இல்லையே என்பதுதான் கேள்வி. அதனாலேதான் தமிழக அரசு 2020 நவம்பரிலே ஓர் ஆணை பிறப்பித்தது: அரசுக் கல்லூரிகளின் உயர் சிறப்பு இடங்களிலே பாதி, அரசுப் பணியிலே இருக்கும் மருத்துவர்க்கு. ஆரம்ப சுகாதார நிலையத்திலே காய்ச்சலுக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்து, கிராமத்தின் முகம் தெரிந்தவர், படித்துவிட்டு மீண்டும் அரசு ஆஸ்பத்திரிக்கே வருவதாக எழுதிக்கொடுத்தவர். இதற்கும் வழக்கு! 2022 மார்ச் 16-ல் சுப்ரீம் கோர்ட்டு, அந்த ஆண்டுக்கான சேர்க்கையை ஆணைப்படியே நடத்த இசைந்தது. செங்கற்பட்டுக்கோ மதுராந்தகத்துக்கோ ஒரு நரம்பு டாக்டர் வந்து தங்க வேண்டுமானால், அவர் பெரும்பாலும் இந்தப் பாதி வழியாகத்தான் வரப்போகிறார். இந்தப் பாதியை எவரும் அசைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது தோழர்களின் கடமை. பத்திரிகையிலே மூலையிலே வரும் செய்தி என்று தாண்டிவிடாதீர்கள்.

நரம்பு டாக்டர் எதற்கு, வலிப்புக்கு மட்டும்தானா என்று கேட்பீர்கள். இதே வட்டாரத்தைச் சுற்றி வாருங்கள்.

கரும்புத் தோட்டத்திலே, குடிசைத் தரையிலே, இரவிலே கட்டுவிரியன் கடிக்கிறது. கடித்த இடத்திலே வீக்கமில்லை, பெரிய வலியும் இல்லை. கொசு என்று புரண்டு படுக்கிறார். விடியற்காலையிலே வயிற்றுவலி, கண்ணிமை தொங்குகிறது, பேச்சுக் குழறுகிறது, பிறகு மூச்சு நிற்கிறது. நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேரும் இடத்திலே மயிரிழை இடைவெளி உண்டு. ஒரு ரசாயனம் அதைத் தாண்டிச் செய்தி சொல்கிறது. விஷம் அந்தச் செய்திக்காரனை மடக்கிவிடுகிறது. மூளை கட்டளை இடுகிறது, மார்புத் தசைக்கு எட்டவில்லை. தைவான் தீவிலே 1963-ல் கட்டுவிரியனின் உறவான பாம்பின் விஷத்தைப் பிரித்தெடுத்த இருவர், அதைக்கொண்டே தசையின் வாசலிலே இருக்கும் பூட்டைக் கண்டறிய வழி செய்தனர். கண்ணிமை தொங்கி உடல் சோர்ந்துபோகும் ஒரு நரம்பு நோயின் காரணம் அப்படித்தான் பிடிபட்டது. பாம்பு விஷத்திலிருந்து பாடம்!

அந்த விஷத்தை நாட்டுக்கு எடுத்துக் கொடுப்பவர் யார்? மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலே வடநெம்மேலி. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் எடுத்து, மருந்துக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். பாம்பை மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்க்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. மகிழ்ச்சி. நாட்டையே பாம்புக் கடியிலிருந்து காக்கும் விஷத்தை எடுக்கிற குடிசையிலிருந்து ஒரு டி.எம். வரும் நாள் எந்நாளோ?

இன்னொன்று. இயந்திரத்திலே கை சிக்கி, தோளோடு வெட்டப்பட்ட தோழர்கள் சிலரை எனக்குத் தெரியும். இல்லாத கை வலிக்கிறது என்பர். வீட்டார் சிரிப்பர், அல்லது அழுவர். அது பைத்தியம் அல்ல. கை போனாலும் கைக்கான இடம் மூளையிலே இருக்கிறது. பென்பீல்டு போட்ட வரைபடம் அழியவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலே படித்த வி.எஸ். ராமச்சந்திரன், அமெரிக்காவிலே 1990-களிலே, ஒரு பெட்டியும் ஒரு கண்ணாடியும் கொண்டு இதற்கு வைத்தியம் காட்டினார். இருக்கும் கையைக் கண்ணாடிக்கு முன்னே அசைத்தால், இழந்த கை அசைவதாக மூளை ஏமாறுகிறது. பலருக்கு வலி தணிகிறது. செலவு? ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் விலை. இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால்தானே ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும்!

பிறகு ஜி.எஸ்.டி. சாலை. அதைப் பற்றி இந்த வட்டாரத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைக்காயம் இல்லாத தெருவே இல்லை. படாளத்துக்குத் தெற்கே, மேல்மருவத்தூரிலே, 2021 டிசம்பர் 18-ல் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கிற்று. விபத்திலே சிக்கியவர் எந்த ஊர், எந்த நாடு, அட்டை உண்டா என்று கேளாமல் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்பது. தலைக்காயத்துக்கு முதல் மணிகளே உயிர். ஆகவே இது பேருதவி. எனினும் ஹெல்மெட் போடாமல் கொடியோடு வண்டியிலே பறக்கிற நம் தோழர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. மாநாட்டுக்கு வருகிற தலை, மண்டையோடு திரும்ப வேண்டாமா?

திருக்கழுக்குன்றத்தை மறக்க முடியுமா? 2008 செப்டம்பர். பதினைந்து வயது ஹிதேந்திரன், வண்டியிலே சென்று விபத்துக்குள்ளானான். மூளை இறந்தது, இதயம் துடித்தது. டாக்டர்களான பெற்றோர், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு உறுப்புகளைத் தந்தனர். பிள்ளையின் இதயம் சென்னை முகப்பேருக்கு விரைந்து, பெங்களூரைச் சேர்ந்த சிறுமி ஒருத்தியின் நெஞ்சிலே துடித்தது. தமிழகத்திலே உறுப்புக் கொடை இயக்கமாக வளர்ந்தது அதன் பின்னர்தான். உறுப்புக் கொடை தந்தோருக்கு அரசு மரியாதை என்ற அறிவிப்பு 2023 செப்டம்பர் 23-ல் வந்தது.

மூளை இறந்துவிட்டது என்று சொல்வது யார்? 1994-ம் ஆண்டுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியிலே இருமுறை சோதிக்க வேண்டும். நால்வரிலே ஒருவர் நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பு அறுவை மருத்துவர். பல ஊர்களிலே அவர் எங்கே கிடைப்பார்? 2011-ல் சட்டத்தைத் திருத்தி, அவர் கிடைக்காவிட்டால் பொது மருத்துவரோ, அறுவை மருத்துவரோ, மயக்க மருத்துவரோ போதும் என்றார்கள். பஞ்சத்தை நாடாளுமன்றமே எழுத்திலே ஒப்புக்கொண்டது, தோழர்களே! ஒப்புக்கொண்டவர்கள் வாசலிலே மூன்று பூட்டு எதற்குப் போட்டார்கள் என்பதைத்தான் கேட்கிறோம்.

கடைசியாகப் பக்கவாதம். ஒரு பக்கம் முகம் கோணும், ஒரு கை தூக்கினால் விழும், பேச்சுக் குழறும். காற்றுச் சேஷ்டை என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நிமிடத்துக்கு 19 லட்சம் அணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது; நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஸ்கேன் எடுத்து, கட்டியா கசிவா என்று பார்த்த பிறகே போட வேண்டும். கசிவிலே போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே எண்ணெய் வேண்டாம், வைத்தியர் வீடு வேண்டாம், ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே 108. எப்போது தொடங்கிற்று என்ற நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்திலே எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் முதலிலே கேட்பது அதைத்தான்.

படாளத்துத் தோழர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். கொடிக்கம்பத்தின் அருகே கரும்பலகையிலே, வலிப்புக்குச் செய்ய வேண்டியவை நான்கு வரி, பக்கவாதத்துக்கு மூன்று வரி, கீழே 108 என்று சுண்ணாம்பாலே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர், அன்று முதல் சாவிக் கொத்தை நீட்டிய அதே கறுப்புச் சட்டைக்காரர். ஆலைத் தொழிலாளி மீண்டும் மாத்திரை சாப்பிடத் தொடங்கி மூன்று திங்கள் ஆகிறது. நரம்பு டாக்டரைப் பார்க்கும் நாளிலே கூலி போகாதபடி, தோழர்கள் முறை வைத்து அவருக்காகக் கரும்பு ஏற்றுகிறார்கள். மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டாராம். மேஸ்திரி லாரியின் மேலே ஏற வேண்டாம், கீழே நின்று எண்ணிக்கை எழுது என்று மாற்றிவிட்டார், வேலை போகவில்லை. மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள். அடுத்த முறை நான் அந்தப் பக்கம் வரும்போது உயிரியல் பழைய வினாத்தாள்கள் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். வைத்திருப்போர் அனுப்பி வையுங்கள், கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.